ஸ்ட்ரெஸ் கைனேஸ்கள்: எவ்வளவு நேரம் எரிகிறது என்பதே கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவியல் இணைப்பில் ஸ்ட்ரெஸ் புரதங்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். செல்லுக்குள் நடப்பதைத் தமிழில் எழுத ஒரு நாளிதழ் இவ்வளவு இடம் தருவதே பெரிய விஷயம், நன்றி. ஆனால் கட்டுரை இரண்டு இடங்களில் வாசகரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. இந்தக் கைனேஸ்களை, அதாவது செல்லுக்குத் தொல்லை வந்ததும் விழித்து மற்றப் புரதங்கள் மீது பாஸ்பேட் ஒட்டும் நொதிகளை, தூண்டுவது மனக்கவலை என்பதுபோல எழுதியிருப்பது ஒன்று. அவற்றை அணைக்கும் மருந்து கிடைத்துவிட்டால் மூட்டுவாதம், நீரிழிவு, புற்றுநோய் மூன்றும் ஒரே வீச்சில் அடங்கும் என்பது மற்றொன்று. முதலாவது வெறும் சொல் குழப்பம். இரண்டாவது, மருந்து நிறுவனங்கள் பல ஆண்டுகள் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்துத் தோற்ற கருத்து. ஏன் தோற்றது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடிதம் நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிலிருந்து தொடங்குகிறோம். இங்கே ஸ்ட்ரெஸ் என்பது ஒரு தனிச் செல் படும் பாடு. புற ஊதா ஒளி, திடீர் வெப்பம், சுற்றியுள்ள திரவத்தில் உப்பு கூடுவது, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகள், புரத உற்பத்தியை நிறுத்தும் நச்சுகள், அழற்சிச் செல்கள் அனுப்பும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 என்ற சமிக்ஞைப் புரதங்கள் ஆகியவைதான் தூண்டிகள். மூளையே இல்லாத ஈஸ்டிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஈஸ்ட் கரைசலில் உப்பைக் கூட்டினால் ஹாக்1 என்ற கைனேஸ் ஓரிரு நிமிடங்களில் விழித்துக்கொள்கிறது. செல் கிளிசராலைச் சேர்த்து வைத்து, தன் நீர் வெளியே ஓடாமல் தடுத்துக்கொள்கிறது. ஹாக்1 இல்லாத ஈஸ்ட் உப்புக் கரைசலில் வளராது. அதற்குள் பாலூட்டிகளின் ஸ்ட்ரெஸ் கைனேஸ்களில் ஒன்றான ஜேஎன்கேயின் மரபணுவைப் புகுத்தியபோது மறுபடி வளர்ந்தது என்று 1994இல் காட்டினார்கள். ஈஸ்டுக்கும் நமக்கும் பொதுவான ஒரு பழைய ஏற்பாட்டுக்கு மனஉளைச்சலை முதல் காரணமாகச் சொல்ல முடியாது.

கட்டுரையாளர் கவனிக்காத முரண் ஒன்றும் உண்டு. 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று எல்லோரும் சொல்லும் கார்டிசால் பல செல்களில் இந்த 'ஸ்ட்ரெஸ் கைனேஸ்'களை அடக்கத்தான் செய்கிறது. அதன் செயற்கை உறவான டெக்சாமெத்தசோனைச் செல்களுக்குக் கொடுத்தால் எம்கேபி-1 என்ற பாஸ்பேட்டேஸின் அளவு ஏறும். அது ஜேஎன்கே, அதன் உறவான பி38 ஆகிய இரண்டு ஸ்ட்ரெஸ் கைனேஸ்களின் மீதும் உள்ள பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். ஸ்டீராய்டுகள் அழற்சியைத் தணிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி வேலை நடக்கும் விதம். கைனேஸ் என்பது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட்டை எடுத்து, இன்னொரு புரதத்தின் செரைன், திரியோனைன் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஒட்டவைக்கும் நொதி. ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம், கூட்டாளிகள், ஆயுள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மாறும். ஸ்ட்ரெஸ் கைனேஸ் என்ற பெயரில் இரண்டு குடும்பங்கள் வருகின்றன. ஜேஎன்கே குடும்பத்தில் மூவர்: ஜேஎன்கே1, ஜேஎன்கே2 கிட்டத்தட்ட எல்லாத் திசுக்களிலும் உண்டு, ஜேஎன்கே3 பெரும்பாலும் மூளையில், கொஞ்சம் இதயத்திலும் விரையிலும். பி38 குடும்பத்தில் நால்வர்: ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா. ஜேஎன்கே முதலில் கையில் சிக்கியது 1990இல், புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு கொடுக்கப்பட்ட எலிகளின் கல்லீரலில். பி38 1994இல் ஒரே நேரத்தில் பல ஆய்வகங்களில் பிடிபட்டது. அழற்சியைக் குறைக்கும் ஒரு மருந்துக் குடும்பம் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடிப்போனவர்களுக்குக் கிடைத்ததும் அதுவே. அதாவது மருந்து முதலில் வந்தது, இலக்கு பிறகு தெரிந்தது.

இரண்டு குடும்பங்களும் மூன்றடுக்கு ஏற்பாட்டின் கடைசிப் படியில் நிற்கின்றன. மேலே சுமார் இருபது கைனேஸ்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைத் தொல்லைக்குக் காவல். நடுவில் நான்குதான்: எம்கேகே4, எம்கேகே7 ஆகியவை ஜேஎன்கேயையும், எம்கேகே3, எம்கேகே6 ஆகியவை பி38ஐயும் எழுப்பும். எம்கேகே4 சில நேரம் பி38 பக்கமும் கைவைக்கும். கடைசிப் படியில் உள்ள கைனேஸ் முழுதாக விழிக்க, அதன் வளையம் ஒன்றில் இரண்டு இடங்களில் பாஸ்பேட் ஏற வேண்டும். ஜேஎன்கேயில் அவை 183ஆம் திரியோனைனும் 185ஆம் டைரோசினும், நடுவில் ஒரு புரோலின். பி38இல் 180ஆம் திரியோனைனும் 182ஆம் டைரோசினும், நடுவில் ஒரு கிளைசின். எம்கேகே4 டைரோசினை விரும்பும், எம்கேகே7 திரியோனைனை. இரண்டும் சேர்ந்தால்தான் ஜேஎன்கே முழு வேகம் பிடிக்கும். ஒற்றைச் சத்தத்துக்கெல்லாம் செல் பதறாமல் இருப்பதில் இந்த இரட்டைப் பூட்டுக்குப் பங்கு உண்டு.

மேல் அடுக்கில் உள்ள ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆஸ்க்1 என்ற கைனேஸ் சாதாரண நேரத்தில் தயோரெடாக்சின் என்ற சிறு புரதத்தின் பிடியில் இருக்கிறது. தயோரெடாக்சினில் சிஸ்டீன் என்ற, கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் இரண்டு கந்தக-ஹைட்ரஜன் நிலையில் இருக்கும்வரைதான் அந்தப் பிடி. பெராக்சைடு வந்ததும் இரண்டு கந்தகங்களும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், தயோரெடாக்சின் நழுவும், விடுபட்ட ஆஸ்க்1 தன்னைத்தானே பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு கீழே ஜேஎன்கே, பி38 இரண்டையும் தட்டி எழுப்பும். சூடு ஏறினால் உருகி விழும் பூட்டுபோல ஒரு ஏற்பாடு. ஸாக் என்ற இன்னொன்று, புரதம் செய்யும் இயந்திரங்களான ரைபோசோம்களோடு ஒட்டிக் காவல் இருக்கிறது. செய்தி ஆர்என்ஏ மீது ஓடும் ரைபோசோம் ஒன்று நின்று, பின்னால் வருவது அதன் மீது மோதினால் ஸாக் எழும். புரத உற்பத்தியை நிறுத்தும் அனிசோமைசின், புற ஊதா ஒளி இரண்டும் ஜேஎன்கேயைத் தூண்டும் வழிகளில் முக்கியமானது இந்த மோதல்தான். புற ஊதா என்றாலே டிஎன்ஏ சேதம் என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆர்என்ஏ சேதமும் கணக்கில் வர வேண்டும்.

கீழே நடப்பதில் இரண்டு காரியங்கள் முக்கியம். ஜேஎன்கே, சி-ஜுன் என்ற புரதத்தின் 63, 73ஆம் செரைன்களில் பாஸ்பேட் ஏற்றும். அது ஏபி-1 என்ற மரபணு இயக்கியாகச் செயல்பட்டு, உயிர் பிழைக்கும் மரபணுக்களையும் சாகவைக்கும் மரபணுக்களையும் திறக்கும். பி38 ஆல்ஃபா வேறு மாதிரி. அது எம்கே2 என்ற அடுத்த கைனேஸை எழுப்பும். எம்கே2 போய் டிடிபி என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றும். டிடிபியின் வழக்கமான வேலை, டிஎன்எஃப் செய்தி ஆர்என்ஏயின் வாலில் ஒட்டிக்கொண்டு அதை அரிக்கும் நொதிகளைக் கூட்டிவருவது. பாஸ்பேட் ஏறிய டிடிபியால் கூட்டிவர முடியாது. ஆர்என்ஏ பிழைத்துக் கிடந்து மேலும் மேலும் டிஎன்எஃப் தயாராகும். ஆக, பி38 அழற்சியைக் கூட்டுவதில் பெரும்பகுதி, புதிதாக எதையும் எழுதுவதால் வருவதில்லை. எழுதியதை அழிக்கவிடாமல் வைத்திருப்பதால் வருகிறது. எம்கே2 மரபணு இல்லாத சுண்டெலிகள் பாக்டீரியா நச்சால் வரும் அதிர்ச்சியைத் தாங்குகின்றன என்று 1999இல் காட்டியபோது, மருந்துக்கு வழி திறந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

கட்டுரை முழுக்க இந்தக் கைனேஸ்களை விளக்கு சுவிட்சுபோல, போட்டால் நோய், அணைத்தால் சுகம் என்று வர்ணித்திருக்கிறது. உண்மையில் போட்டதா அணைந்ததா என்பதைவிட எவ்வளவு நேரம் எரிந்தது என்பதே செல்லின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. வளர்ப்புச் செல்களில் டிஎன்எஃப் சேர்த்துப் பாருங்கள். ஜேஎன்கேயின் பாஸ்பேட் 10, 15 நிமிடங்களில் உச்சம் போய், ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். செல் சாவதில்லை. ஏனெனில் அதே டிஎன்எஃப், என்எஃப்-கப்பா-பி என்ற இன்னொரு வழியையும் திறந்துவிட்டிருக்கிறது. அதில் உருவாகும் புரதங்கள் ஜேஎன்கேயை அமர்த்திவிடுகின்றன. அந்த வழியை அடைத்துவிட்டு அதே டிஎன்எஃபைச் சேருங்கள்: ஜேஎன்கே அடங்குவதில்லை, மணிக்கணக்கில் எரிகிறது, செல் சாகிறது. அதே கைனேஸ், அதே தூண்டி.

ஏன் அடங்குவதில்லை? காரணம் கழற்றும் பக்கத்தில் இருக்கிறது. ஜேஎன்கேயின் பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பேட்டேஸ்களின் வேலைசெய்யும் இடத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. பெராக்சைடு கூடினால் அந்தக் கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்து நொதி முடங்கிவிடும். ஏற்றும் கை ஓடிக்கொண்டிருக்க, கழற்றும் கை செயலற்றுப் போகிறது. இந்தத் துறையில் கைனேஸ்களைப் பற்றிப் பத்துக் கட்டுரை வந்தால் பாஸ்பேட்டேஸைப் பற்றி ஒன்றுதான் வருகிறது என்பது எங்கள் நெடுநாள் குறை.

இதை நோய்க்குப் பொருத்திப் பார்க்கப் பாராசிட்டமால் கல்லீரல் சேதம் நல்ல எடுத்துக்காட்டு. அளவுக்கு மீறினால் கல்லீரல் அதை என்ஏபிகியூஐ என்ற வினைத்திறன் மிக்க பொருளாக மாற்றுகிறது. முதலில் செல்லின் காப்புப் பொருளான குளூட்டாதியோன் அதைப் பிடித்து அப்புறப்படுத்தும். குளூட்டாதியோன் தீர்ந்ததும் அது மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டத் தொடங்கும். அங்கிருந்து கசியும் பெராக்சைடு ஜேஎன்கேயை எழுப்பும். எழுந்த ஜேஎன்கே மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் உள்ள சாப் என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டுகிறது. மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் எடுக்கும் மூச்சுச் சங்கிலி மேலும் தடைபடுகிறது. மேலும் பெராக்சைடு, மேலும் ஜேஎன்கே. வட்டம் தானே சுழலத் தொடங்கிவிட்டால், தொடக்கத் தீப்பொறியான மருந்து உடலைவிட்டு வெளியேறினாலும் சேதம் நிற்பதில்லை. மருத்துவமனையில் கொடுக்கும் என்-அசிட்டைல் சிஸ்டீன் குளூட்டாதியோனை நிரப்பி வட்டத்தைத் தொடக்கத்திலேயே அறுக்கிறது; முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலைசெய்வதும், தாமதமானால் பலன் குறைவதும் இதனால்தான். அளவு மீறிவிட்டது தெரிந்தால், உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீரிழிவுக்கு வருவோம். கட்டுரை மேற்கோள் காட்டிய 2002ஆம் ஆண்டு ஆய்வு உண்மையானது: ஜேஎன்கே1 இல்லாத சுண்டெலிகள் கொழுப்புணவு தின்றும் அவ்வளவு பருக்கவில்லை, இன்சுலினுக்கு நன்றாக இணங்கின. அதற்குக் கொடுத்த விளக்கம், ஜேஎன்கே ஐஆர்எஸ்-1 என்ற புரதத்தின் 307ஆம் செரைனில் பாஸ்பேட் ஏற்றி இன்சுலின் சமிக்ஞையைத் தடுக்கிறது என்பது. விளக்கம் அழகானது, பாடநூலுக்கும் போய்விட்டது. 2010இல் அந்தச் செரைனை மட்டும் அலனைனாக மாற்றிய சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். விளக்கம் சரியென்றால் அவை இன்சுலினுக்கு மேலும் நன்றாக இணங்க வேண்டும். நடந்ததோ நேர் எதிர், இணக்கம் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கல்லீரல் செல்களில் மட்டும் ஜேஎன்கே1ஐ நீக்கிய சுண்டெலிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து இன்சுலின் இணக்கம் கெட்டது. உடல் முழுக்க நீக்கினால் கிடைத்த நன்மையில் ஒரு பங்கு பிட்யூட்டரியிலிருந்து, தைராய்டு வழியாக வருவதாகப் பின்னால் தெரிந்தது. ஆகவே ஜேஎன்கே நீரிழிவை உண்டாக்குகிறது என்று ஒற்றை வரியில் சொன்னால், எந்தத் திசுவில் என்ற கேள்வி உடனே எழ வேண்டும்.

புற்றுநோயிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் சிக்கலாக. ஒரு நைட்ரோசமீன் நச்சைக் கொடுத்துக் கல்லீரல் புற்றை உண்டாக்கும் சோதனையில், ஜேஎன்கே1 இல்லாத சுண்டெலிகளுக்குக் கட்டிகள் குறைவு. கல்லீரலில் பி38 ஆல்ஃபா இல்லாதவற்றுக்கு அதிகம், அவற்றின் ஜேஎன்கே கட்டுமீறி எரிந்தது. மனிதரின் மார்பகப் புற்றுகளில் ஒரு பகுதியில் எம்கேகே4ஐயோ, அதற்கு மேலே உள்ள எம்இகேகே1 கைனேஸையோ முடக்கும் திடீர்மாற்றங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. அங்கே இந்தப் பாதை புற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். பாதையை அடைக்கும் மாத்திரையை அந்த நோயாளிக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. மூளையைப் பற்றி ஒரு வரி போதும்: ஜேஎன்கே3 இல்லாத சுண்டெலிகளின் நரம்புச் செல்கள் கைனிக் அமிலத்தின் நச்சைத் தாங்கின என்று 1997இல் வந்த முடிவு இன்றுவரை நிற்கிறது.

இப்போது மருந்துகள். பி38 தடுப்பான் டோராமாபிமோடைக் கிரோன் குடல்நோயில் சோதித்து 2006இல் முடிவு வந்தது: ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் முதல் வாரத்தில் இறங்கி, பிறகு பழைய இடத்துக்கே ஏறியது; நோயில் மாற்றமில்லை. முடக்குவாதத்தில் பாமாபிமோடும் விஎக்ஸ்-702உம் அதே மாதிரி ஏமாற்றின. மாரடைப்பு நோயாளிகள் 3503 பேரிடம் லாஸ்மாபிமோடை நாளுக்கு இருமுறை 7.5 மில்லிகிராம் என்று 12 வாரம் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. மறு மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அதே மருந்தை ஒரு தசைச்சிதைவு நோய்க்குத் திருப்பிப் பார்த்த கடைசிக் கட்டச் சோதனையும் 2024இல் இலக்கைத் தொடவில்லை. ஜேஎன்கே பக்கமும் நல்ல செய்தி இல்லை. மேல் அடுக்குக் கைனேஸ்களைத் தடுக்கும் சிஇபி-1347, பார்க்கின்சன் நோயின் தொடக்க நிலையில் இருந்த 806 பேரிடம் பலனளிக்காததால் சோதனை பாதியில் நின்றது. ஆஸ்க்1 தடுப்பான் செலோன்செர்டிப் கொழுப்புக் கல்லீரல் அழற்சியில் 2019இல் தோற்றது. நுரையீரல் நார்மிகை நோய்க்கு வந்த டான்சிசெர்டிப் கல்லீரலைப் பாதித்ததால் கைவிடப்பட்டது.

ஒரே மாதிரி ஏன் தோற்கின்றன? பி38 தடுப்பான்களுக்குப் பதில் ஓரளவு தெரியும். பி38 ஆல்ஃபா கீழே வேலை செய்வதோடு, மேலே உள்ள டாக்1 கைனேஸின் துணைப் புரதமான டாப்1 மீதும் பாஸ்பேட் ஏற்றி, தன்னை எழுப்பியவனையே அடக்கிவைக்கிறது. பி38ஐத் தடுத்தால் இந்தக் கடிவாளம் அவிழ்ந்து, டாக்1 வழியாக ஜேஎன்கேயும் என்எஃப்-கப்பா-பியும் ஏறும். அது போதாதென்று, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10ஐயும் எம்கேபி-1ஐயும் உண்டாக்கத் தேவையான எம்எஸ்கே கைனேஸ்களும் பி38ஐ நம்பியே இருக்கின்றன. தீயணைப்பு வண்டியும் தீ வைத்தவனும் ஒரே வாசலில் வந்து போகும்போது வாசலை அடைத்தால் என்ன ஆகும்? முதல் வாரம் சி-ரியாக்டிவ் புரதம் இறங்கிப் பிறகு ஏறுவது அப்படித்தான். சரி, எம்கே2ஐ மட்டும் பிடிப்போம் என்று வந்த சுன்செமெடினிப்பும் முடக்குவாதச் சோதனையில் 2023இல் கைவிட்டது. நல்ல தர்க்கம் எல்லாம் நல்ல மருந்தாகிவிடுவதில்லை.

கட்டுரையில் காட்டிய சோதனைப் படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்; செல்லின் புரதங்களைப் பிரித்துத் தாளில் ஏற்றி, ஒவ்வொன்றின் அளவையும் கறுப்புப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம் அது. மாணவர்கள் அதை நகலெடுத்து வைத்துக்கொள்வார்கள். தடுப்பான் வேலை செய்திருந்தால் பாஸ்பேட் ஏறிய பி38இன் பட்டை மறைந்திருக்க வேண்டும், மறையவில்லையே என்று கேட்டு, மருந்து தோற்றதாக எழுதியிருக்கிறது. மறையாது. எஸ்பி203580 என்ற அந்தத் தடுப்பான் பி38இன் ஏடிபி குழியில் உட்கார்ந்து அதன் வேலையைத்தான் நிறுத்துகிறது. எம்கேகே3, எம்கேகே6 மேலிருந்து பாஸ்பேட் ஏற்றுவதை நிறுத்துவதில்லை. மேலே சொன்ன கடிவாளம் அவிழ்வதால் பட்டை சில நேரம் கூடவும் செய்யும். பார்க்க வேண்டியது அடுத்த படியை: எம்கே2இன் 334ஆம் திரியோனைன், அல்லது எம்கே2 பாஸ்பேட் ஏற்றும் எச்எஸ்பி27 புரதத்தின் 82ஆம் செரைன். அது மங்கினால் தடுப்பான் வேலை செய்கிறது. இந்த மருந்து ஆல்ஃபா, பீட்டாவை மட்டுமே பிடிக்கும். காமா, டெல்டாவில் குழியின் வாசலில் திரியோனைனுக்குப் பதில் பருத்த மெத்தியோனைன் நிற்பதால் உள்ளே நுழைய முடியாது.

ஜேஎன்கேக்குப் பயன்படுத்திய எஸ்பி600125 இன்னும் மோசம். (தமிழில் எழுதினால் இரண்டும் எஸ்பிதான், எண்ணைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.) சோதனைக் குழாயில் 40 முதல் 90 நானோமோலாரில் ஜேஎன்கேயைத் தடுக்கும் அது, செல்லுக்குள் 10, 20 மைக்ரோமோலார் வேண்டியிருக்கிறது. அந்த அளவில் வேறு பல கைனேஸ்களும் விழுந்துவிடும். அதை மட்டும் வைத்து 'ஜேஎன்கே காரணம்' என்று எழுதிய முடிவுகளை நாங்கள் நம்புவதில்லை. ஜேஎன்கேயின் ஒரு சிஸ்டீனில் நிரந்தரமாக ஒட்டும் ஜேஎன்கே-இன்-8 ஓரளவு மேல். 1 முதல் 3 மைக்ரோமோலார் போதும். அதோடு மரபணுவை நீக்கிய செல்லில் அதே விளைவு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

படத்தில் எதுவுமே தராத செல்களின் பட்டையும் கறுப்பாக இருக்கிறது. இது மிகச் சாதாரணமான பிழை. செல்கள் வளரும் திரவமான ஊடகத்தை மாற்றுவது, குளிர்ந்த உப்புக் கரைசலால் பலமுறை கழுவுவது, சுரண்டி எடுப்பது எல்லாமே இந்தக் கைனேஸ்களுக்குத் தொல்லைதான். சில நிமிடங்களில் எழுந்துவிடும். ஊடகம் மாற்ற வேண்டுமானால் தூண்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே மாற்றிவிட்டு, பிறகு தட்டைத் தொடாமல் விடுங்கள். தூண்டியை ஒரு துளி அடர்கரைசலாகச் சேருங்கள். அதே கரைப்பான் துளியை ஒப்பீட்டுத் தட்டிலும் சேருங்கள். நேரம் முடிந்ததும் ஊடகத்தை உறிஞ்சிவிட்டு, கொதிநிலையில் உள்ள, புரதங்களைக் குலைக்கும் எஸ்டிஎஸ் கலந்த மாதிரிக் கரைசலை நேரடியாகத் தட்டில் ஊற்றினால் கைனேஸும் பாஸ்பேட்டேஸும் அந்த நொடியே செத்துவிடும்; 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் மாதிரி தயார். திசு என்றால் வெட்டி எடுக்கும் அந்த இடைவெளியிலேயே ரத்தம் நின்று பி38 ஏறிவிடும். திரவ நைட்ரஜனில் குளிர்ந்த இடுக்கியால் நசுக்கி எடுப்பதுதான் வழி.

எஸ்டிஎஸ் இல்லாத கரைசலில் செல்லை உடைப்பவர்களுக்குப் பாஸ்பேட்டேஸைத் தடுக்கும் சோடியம் ஆர்த்தோவனடேட் வேண்டும், 1 மில்லிமோலார். புட்டியிலிருந்து எடுத்துக் கரைத்து அப்படியே போடுகிறவர்கள் பலர். அது பாதி வேலைதான் செய்யும். 200 மில்லிமோலார் கரைசல் தயாரித்து அமிலகாரநிலையை 10க்குக் கொண்டுவாருங்கள், மஞ்சளாகும். மஞ்சள் என்றால் பத்து வனடேட்டுகள் கூடித் திரண்டு நிற்கின்றன என்று அர்த்தம். அந்தத் திரள் பாஸ்பேட்டேஸை நன்றாகத் தடுக்காது. நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மறுபடி 10க்குத் திருத்துங்கள். மஞ்சள் திரும்பினால் மறுபடி கொதிக்கவையுங்கள். நிறமின்றி 10இல் நிலைத்த பிறகு சிறுசிறு பங்காகப் பிரித்து உறையவையுங்கள். உடைக்கும் கரைசலில் டிடிடி, இடிடிஏ இருந்தால் வனடேட் வீணாகிவிடும். அது டைரோசின் பக்கத்தைத்தான் காக்கும். செரைன், திரியோனைனுக்குச் சோடியம் ஃப்ளோரைடு 50 மில்லிமோலாரும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலாரும் சேருங்கள். புரதம் ஏற்றிய தாளில் காலியான இடங்களை அடைக்கப் பால்பொடி வேண்டாம். பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம். 5 விழுக்காடு ஆல்புமின் போதும்.

ஜேஎன்கேக்கு 46, 54 கிலோடால்டனில் இரண்டு பட்டைகள் வரும். 46 என்றால் ஜேஎன்கே1, 54 என்றால் ஜேஎன்கே2 என்று படத்தின் கீழே போட்டிருக்கிறது. இரண்டு மரபணுக்களும் இரண்டு அளவிலும் புரதம் செய்யும். அந்தப் பெயரிடல் தோராயம்தான். நேரம் ஒன்றே ஒன்று, 30 நிமிடம் மட்டும் எடுத்திருப்பது இன்னும் பெரிய குறை. 0, 5, 15, 30, 60, 120, 240 நிமிடங்கள் என்று எடுத்திருந்தால் குறுகிய எழுச்சியா நீண்ட எரிச்சலா என்று தெரிந்திருக்கும். பாதிக் கறுப்பான பட்டையைக் கண்டால் எல்லாச் செல்லும் பாதி எழுந்தது என்று எண்ணவும் கூடாது. தவளை முட்டைச் செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஜேஎன்கே முழுதாக எழும், அல்லது எழவே எழாது என்றுதான் இருந்தது. பட்டை சராசரியைத்தான் காட்டும்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தி. ஸ்ட்ரெஸ் கைனேஸ்களைக் குறைக்க வைட்டமின் சி, வைட்டமின் இ மாத்திரைகளைத் தினமும் எடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. உடற்பயிற்சியின்போது தசையில் எழும் பெராக்சைடும் பி38உம்தான் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் பிஜிசி-1 ஆல்ஃபாவைத் தட்டி எழுப்பும் வழிகளில் ஒன்று. 2009இல் வெளியான ஒரு சோதனையில் இளைஞர்கள் நான்கு வாரம் பயிற்சி செய்தார்கள். தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் இயும் எடுத்துக்கொண்டவர்களுக்குப் பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் இணக்கம் வரவில்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்கு வந்தது. கட்டுரை முழுவதையும் திருத்த இடமில்லாவிட்டாலும் அந்தப் பெட்டிச் செய்தியையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செல் சமிக்ஞைத் துறை ஆய்வாளர்கள் இருவர்